வாடகை 55 ஆயிரம் வருகிறது, நகை ஏன் அடகில் இருக்கிறது?

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஆறு பக்கம். கடைசிப் பக்கம் முழுக்கக் கணக்கு. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கே சுருக்கிச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 58. கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. 1994ல் கட்டிய மாடி வீடு ஒன்று. கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு போர்ஷன். கடைவீதிப் பக்கம் இரண்டு கடைகள். எல்லாமே கணவர் இருக்கும்போதே ஆச்சி பெயருக்கு எழுதிவைத்தவை. கீழ்ப் போர்ஷன்களுக்குத் தலா 9,000, மேல் போர்ஷன்களுக்குத் தலா 8,000, கடைகளுக்கு 11,000, 10,000. ஆக மாதம் 55,000 ரூபாய் வாடகை. ஆச்சி தனியாக வேறொரு சின்ன வீட்டில் இருக்கிறார். வாடகையிலிருந்து மாதம் 45,000 எடுத்துக்கொள்கிறார். அதில் 10,000 ஏலச்சீட்டுக்குப் போகிறது. வங்கியில் 12 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அதன் வட்டியை எடுப்பதில்லை, அதிலேயே சேர்கிறது.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். ‘வாடகையில் பத்து சதவீதம் ரிப்பேருக்கு ஒதுக்கினால் போதும்’ என்று அவர் சொன்னபடி ஆச்சி ஒதுக்கியும் வந்திருக்கிறார். ஆனால் போன வருடம் கடை ஒன்று காலியாகி, 1,10,000 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தபோது கையில் காசில்லை. ஒன்றரை லட்சத்துக்கு நகையை வைத்தார். ‘இத்தனை வாடகை வந்தும் நகை வைக்கிற நிலைமை எனக்கு ஏன் வந்தது? பேசாமல் எல்லாவற்றையும் விற்று வங்கியில் போட்டுவிடு என்கிறான் மகன். அப்படியே செய்துவிடட்டுமா?’ என்று முடித்திருக்கிறார். நடுவில் வரியைப் பற்றியும் குடியிருப்பவர்களைப் பற்றியும் சில கேள்விகள்.

ஆச்சி, உங்கள் ஆறாம் பக்கத்தை முதலில் ஒரு வெள்ளைத் தாளில் வரவு, பற்று என்று பிரித்து எழுதினேன். மாடிப் போர்ஷன் ஒன்று ஆனியில் காலியாகி மூன்று மாதம் பூட்டிக் கிடந்திருக்கிறது. அதில் 24,000 போனது. கடை புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதம் காலி, அதில் 22,000. ஆக உங்களுக்கு வந்த வாடகை 6,60,000 அல்ல, 6,14,000. அதில் 5,40,000 உங்கள் கைக்கு வந்துவிட்டது. மிச்சம் 74,000.

இந்த 74,000ல்தான் மற்ற எல்லாம் நடந்திருக்க வேண்டும். சொத்துவரி 24,000, தண்ணீர்க் கட்டணமும் கழிவுநீர்க் கட்டணமும் 4,800, மாடிப்படி விளக்குக்கும் மோட்டாருக்கும் உள்ள பொது மீட்டர் 9,000, பெருக்கித் தொட்டி கழுவும் அம்மாவுக்கு 12,000. மோட்டாருக்கு ஒருமுறை காயில் கட்ட 4,500, அதுவும் எரிந்துபோனதால் புது மோட்டார் 26,000. மொட்டைமாடி விரிசலை அடைத்ததற்கு 38,000. காலியான போர்ஷனுக்கு வெள்ளையடித்து பெயிண்ட் அடித்தது 26,000. கடை ஷட்டர் 9,000. இதுவே 1,53,300. கடைக்காரருக்குக் கொடுத்தது 1,10,000, புதிதாக வந்தவர் கொடுத்தது ஒரு லட்சம். அதில் 10,000 குறைவு. கடைசியாக ஒரு வரி எழுதி, அதன்மேலேயே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள்: ஊரில் பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும் வளவு வீட்டுக்கு ஓடு மாற்ற உங்கள் பங்கு 60,000. எல்லாம் சேர்த்து 2,23,300. இதில் 74,000 போனால் துண்டு விழுவது 1,49,300 ரூபாய்.

நீங்கள் நகை வைத்தது ஒன்றரை லட்சத்துக்கு.

கடைக்காரர் திடீரென்று காலி செய்ததால் வந்த வினை என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவர் காலி செய்யாமல் இருந்திருந்தாலும் தை மாதத்துக்குள் நகை அடகுக்குப் போயிருக்கும், ஆச்சி. அவர் செய்ததெல்லாம் அதை ஆவணிக்கு முன்தள்ளியதுதான்.

மகன் சொன்ன பத்து சதவீதம்

தம்பி சொன்னதில் தப்பில்லை, ஆனால் அது புது வீட்டுக்குப் பொருந்துகிற கணக்கு. செங்கலும் குழாயும் ஒயரும் வாடகையைப் பார்த்துப் பழுதாவதில்லை, வயதைப் பார்த்துத்தான் பழுதாகின்றன. 20,000 வாடகை வரும் வீட்டு மாடியும் 8,000 வாடகை வரும் வீட்டு மாடியும் ஒரே அளவு வெயிலில்தான் காய்கின்றன. அதனால் சதவீதத்தை விடுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, என்னென்ன பெரிய வேலை வரும், ஒவ்வொன்றுக்கும் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று எழுதுங்கள். செலவை அந்த வருடங்களால் வகுத்தால் வருவதுதான் அந்த வருடத்து ஒதுக்கீடு.

இதில் பலரும் தவறுகிற ஓர் இடம் உண்டு. ஒயரிங் முப்பது வருடம் தாங்கும் என்று 1,60,000ஐ முப்பதால் வகுத்து, வருடம் ஐயாயிரத்துச் சொச்சம் என்று எழுதிவிடுவார்கள். உங்கள் ஒயரிங்குக்கு ஏற்கெனவே முப்பது வருடம் ஆகிவிட்டது. ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, வாட்டர் ஹீட்டர் எதுவும் இல்லாத காலத்துக் கம்பி அது. எலக்ட்ரீஷியன் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஐந்தால்தான் வகுக்க வேண்டும்: வருடம் 32,000. ஜிஐ என்கிற இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி மேல் போர்ஷனில் தண்ணீர் நூலாக வருகிறது. அதை மாற்ற 90,000, மூன்று வருடத்துக்கு மேல் தள்ள முடியாது. வருடம் 30,000.

மற்றவை இவ்வளவு சிரமமில்லை. வெளிப்பூச்சுக்கு 1,20,000, ஆறு வருடத்துக்கு ஒருமுறை: 20,000. உள்ளே பெயிண்ட், நான்கு போர்ஷனும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் என்று வைத்தால் வருடம் ஒரு போர்ஷன்: 25,000. மோட்டார் 28,000, ஏழு வருடம்: 4,000. செப்டிக் டேங்க் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 8,000: வருடம் 4,000. (இதற்கு லாரியைத்தான் கூப்பிட வேண்டும். ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விலை குறைவாகச் சொல்லி யார் வந்தாலும் வேண்டாம்.) ஷட்டர், சன்ஷேடு வகைக்கு 3,000. மொட்டைமாடி வேலையை இந்த வருடம் முடித்துவிட்டால், அடுத்த முறைக்கு 1,80,000ஐப் பன்னிரண்டு வருடத்தால் வகுத்து 15,000. கூட்டினால் 1,33,000.

இத்துடன் சொத்துவரி, தண்ணீர், பொது மீட்டர், பெருக்கும் அம்மா என்று வருடா வருடம் வருகிற 49,800, கட்டட இன்சூரன்சுக்கு ஒரு 3,200, குழாய் ஒழுகல், சுவிட்சு, தாழ்ப்பாள் மாதிரிச் சில்லறை வேலைகளுக்கு மாதம் 3,000 வீதம் 36,000. மொத்தம் 2,22,000. மாதம் 18,500.

இன்னும் ஒன்று பாக்கி. வாடகை பன்னிரண்டு மாதமும் வரும் என்று எழுதாதீர்கள். நான் யாருக்குக் கணக்குப் போட்டாலும் பதினொரு மாதம் என்றுதான் எழுதுவேன். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சிக் குடிவர மாட்டார்கள். ஆனிக் கடைசியில் ஒரு போர்ஷன் காலியானால் ஆவணி வரை பூட்டுதான். அந்த ஒரு மாதத்துக்காக மாதம் 4,600. ஆக 23,100 தனியாகப் போய்விட, உங்களுக்கு உண்மையான வருமானம் மாதம் 31,900 ரூபாய்.

45,000 எடுத்துப் பழகியவருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் இது என்றைக்கும் இப்படியே இருக்காது. ஒயரிங்கும் குழாயும் மாற்றியான பிறகு, அவை இரண்டுக்கும் சேர்த்து வருடம் 62,000 ஒதுக்குவது போய் சுமார் 10,000 போதும். பழைய வீட்டில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த செலவுதான் இப்போது உங்கள் தலையில் சேர்ந்து விழுந்திருக்கிறது. உங்கள் வீட்டு அய்யா இருந்தபோது அவரே கொத்தனார், அவரே பிளம்பர் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கூலி அன்றைக்குக் கணக்கில் ஏறவில்லை.

எப்படி ஒதுக்குவது? நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டிக்குக் கொடுத்து வாங்குகிற கொண்டுவிற்கிற கடைகளில் வரவு வந்ததும் முதலில் தர்மத்துக்கான மகமையை எடுத்துத் தனிப் பேரேட்டில் எழுதிவிடுவார்களே, அந்தக் காசைத் தொட யாருக்கும் மனசு வராது. வீட்டுக்கும் அப்படி ஒரு மகமை வையுங்கள். வேறு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு, அதற்கு ஏடிஎம் அட்டை வேண்டாம். ஐந்தாம் தேதி வாடகை வந்ததும் 23,100 அங்கே போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று நினைத்தால் எதுவும் மிஞ்சாது. என் சொந்த வீட்டிலேயே நாலு வருடம் அப்படி நினைத்துப் பார்த்தாயிற்று.

அட்வான்ஸ் யாருடைய பணம்?

நான்கு போர்ஷனுக்கு ஐம்பதாயிரம் வீதம் இரண்டு லட்சம், கடைகளுக்குத் தலா ஒரு லட்சம். ஆக நான்கு லட்சம் நீங்கள் வாங்கியது. கையில் ஒன்றுமில்லை. அய்யாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம், மற்றவற்றுக்குக் கொஞ்சம் என்று போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் ‘வந்த அட்வான்ஸ்’ என்று வரவுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை மட்டும் மாற்ற வேண்டும். அது வட்டியில்லாக் கடன். அதனால்தான் அதற்கு வருமான வரியும் கிடையாது.

நான்கு லட்சத்தையும் உடனே திரட்ட வேண்டாம். ஆறு பேரும் ஒரே மாதத்தில் காலி செய்யப் போவதில்லை. ஒரு கடை, ஒரு போர்ஷன் ஆகிய இரண்டின் அட்வான்ஸ், அதாவது ஒன்றரை லட்சம், எப்போதும் தொடாத டெபாசிட்டாக இருந்தால் போதும். உங்கள் சீட்டு இன்னும் ஒன்பது மாதத்தில் முடிந்து இரண்டு லட்சம் வரும் என்கிறீர்கள். தள்ளி எடுக்காமல் முடியும் வரை கட்டுங்கள். வருகிற பணத்தில் ஒன்றரை லட்சம் நேரே இதற்குத்தான். இனி வருகிறவர்களிடம் பெரிய அட்வான்ஸ் கேட்கவும் வேண்டாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அது உங்களுக்கும் நல்லதுதான். திருப்பிக் கொடுக்கிற பாரம் குறையும்.

நகைக்கடன் விஷயத்தில் ஒரு தப்பெண்ணம். ‘டெபாசிட்டைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார்’ என்று அய்யாவைச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். டெபாசிட்டுக்கு வங்கி உங்களுக்குக் கொடுப்பது ஏழரை சதவீதம். நகைக்கு நீங்கள் கொடுப்பது அதைவிட அதிகம். ஒரு கையில் குறைந்த வட்டி வாங்கி மறு கையில் கூடுதல் வட்டி கட்டுகிறீர்கள். ஒன்றரை லட்சத்தை உடைத்து நகையை மீட்டுவிடுங்கள். முதிர்வுக்கு முன் எடுப்பதற்கு வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பரவாயில்லை.

எது உங்கள் வேலை, எது குடியிருப்பவர் வேலை

குழாய் வாஷர் போனதற்கும் பிளம்பரை நீங்களே அனுப்புவதாகத் தெரிகிறது. மேலே சொன்ன சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பில் வரும் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியும் மின்கம்பி, இவை வீட்டுக்காரர் பொறுப்பு. வாஷர், டேப், சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிப்பறை, வாஷ்பேசின் சில்லறை ரிப்பேர், சுவிட்சு, பிளக் பாயிண்ட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, இவை குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவரால் வந்த சேதமும் அவருடையதே. நான் சில்லறைக்கு ஒதுக்கச் சொன்ன 36,000 இதனால் குறையலாம். ஆனாலும் கீழ் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு டேப் மாற்றிக் கொடுப்பதில் சட்டம் பார்க்க வேண்டாம்.

இதெல்லாம் செல்லுபடியாக எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். உங்கள் ஆறு பேரில் ஒருவரிடமும் இல்லை. அதை இந்த வருடத்து வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வருடம் எவ்வளவு கூடும் என்ற வரியும் அதிலேயே இருக்கட்டும்.

இரண்டு மாதப் பாக்கி வைத்திருக்கும் மேல் போர்ஷனுக்குத் தண்ணீரை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அத்தியாவசிய வசதியை நிறுத்துவதை அதே சட்டம் தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு செயலால் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். பாக்கியை எழுத்தில் கேளுங்கள். பாக்கி போகவும் நான்கு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

கடைக்காரர் ‘ஜிஎஸ்டி 18 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாடகை தருவேன்’ என்கிறாராமே, அது அவர் புரிந்துகொண்டதில் உள்ள கோளாறு. வருட வாடகை 20 லட்சத்தைத் தாண்டாததால் நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத உரிமையாளரின் கடையைப் பதிவு உள்ள வியாபாரி எடுத்தால், வரியை வியாபாரியே தன் கையிலிருந்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்கள் வாடகையில் கழிக்க அதில் வழியில்லை. அவர் சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

வருமான வரியும் ரிப்பேர் பில்லும்

கொத்தனார் பில், பெயிண்ட் பில் எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் சேர்த்துவைத்து, வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறீர்கள். வீட்டு வாடகைக்கு அப்படி முறை இல்லை. வந்த வாடகையில் நீங்கள் அந்த வருடம் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துவிடுவார்கள். நீங்கள் ஒரு ரூபாயும் செலவு செய்யாவிட்டாலும் அதே 30, மூன்று லட்சம் செலவு செய்தாலும் அதே 30.

உங்கள் 6,14,000ல் 24,000 போக 5,90,000, அதில் 1,77,000 கழிவு, மீதி 4,13,000. டெபாசிட் வட்டி சுமார் 90,000 சேர்த்தால் 5,03,000. புதிய வரிமுறையில் 2025–26ஆம் நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வரி இல்லை. அதனால் ‘வரியே இல்லை, பிறகு எதற்குக் கணக்குத் தாக்கல்?’ என்று அய்யாவுக்குப் பிறகு விட்டுவிட்டீர்கள். தாக்கல் செய்யத்தான் வேண்டும், வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதே. அதோடு உங்கள் பணமும் அங்கே மாட்டிக்கிடக்கிறது. அறுபது வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு வட்டி ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடித்துவிடும். பாஸ்புத்தகத்தைப் பாருங்கள், ஒன்பதாயிரம் அளவுக்குப் பிடித்திருப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும்.

பில்களை எறிந்துவிடாதீர்கள். ஒயரிங் முழுக்க மாற்றுவது மாதிரிப் பெரிய வேலைகளின் பில், பின்னால் வீட்டை விற்கிற நாளில் மூலதன ஆதாயக் கணக்குக்கு, அதாவது விற்ற லாபத்துக்கான வரிக் கணக்குக்கு, உதவும்.

சொத்துவரியை ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உங்களுக்கு வருடம் 1,200 ரூபாய். அக்டோபரை ஒட்டித் தீபாவளியும் மழையும் இந்தத் தவணையும் ஒன்றாக வந்து நிற்கும் என்பதால்தான் தனிக் கணக்கு வேண்டும் என்கிறேன். வரி உயராது என்றும் நினைக்க வேண்டாம். 2022ல் உயர்த்தியபோது சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். காரைக்குடி 2024ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

வாடகையைக் கூட்டலாமா?

கூட்டலாம், ஆனால் கணக்குப் பார்த்து. எட்டு வருடமாக 10,000லேயே நிற்கும் கடைக்கு 2,000 கூட்டுவது நியாயம். மூன்று மாதம் முன்னாலேயே எழுத்தில் சொல்லுங்கள். போர்ஷன்களுக்கு 500 வீதம் போதும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மேல் வீட்டில் ஒன்பது வருடமாக இருப்பவர் தேதி தவறாமல் கொடுக்கிறார். கூடுதலாக 500 கேட்டு அவர் போய்விட்டால், இரண்டு மாதம் காலியில் 16,000, பெயிண்ட் 25,000, ஆக 41,000 போகும். அந்த 500 வருடத்துக்கு 6,000தான். போனதைப் பிடிக்க ஏறக்குறைய ஏழு வருடம் ஆகும். அவரைக் கேட்டு, அவர் முகம் பார்த்துக் கூட்டுங்கள்.

இப்படிச் செய்தால் மாதம் 4,000 கூடும். டெபாசிட்டில் மிஞ்சுவதன் வட்டியை மாதாமாதம் வாங்கினால் 5,400 வரும். 31,900 உடன் சேர்த்து 41,300. சீட்டு முடிகிற ஒன்பது மாதமும் குழாய்க்கு ஒதுக்குகிற 2,500ஐ மட்டும் தள்ளிவைத்தால், 45,000க்கு மாதம் 1,200தான் குறையும். சீட்டு முடிந்ததும் அந்தக் குறையும் போய்விடும்.

ஊர் வீட்டுப் பங்கை மட்டும் இதோடு கலக்காதீர்கள். முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிற வீடு வாடகை தருகிற சொத்து இல்லை. பங்காளிகளிடம் அடுத்த ஓடு மாற்று எந்த வருடம் என்று முன்கூட்டியே கேட்டு, மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ வீட்டுச் செலவிலிருந்து தனியே எடுத்துவையுங்கள். ஷூட்டிங்குக்கு விடலாம் என்று ஒருவர் சொல்கிறாராம். எல்லாப் புள்ளியும், அதாவது பங்குள்ள எல்லாக் குடும்பமும், கையெழுத்துப் போட்டால் விடலாம். போடுவார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

விற்றுவிடலாமா?

தரகர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரைக் கோடி சொன்னார் என்கிறீர்கள். உங்கள் நிகர வருமானம் வருடம் 3,83,000. அந்த விலைக்கு இது இரண்டரை சதவீதம்தான். வங்கி வட்டி இதைவிட நிச்சயம் கூட. தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், பணவீக்கத்துக்கு ஏற்ப விலையைக் கூட்டிக்கொண்டு 20 சதவீதம், அல்லது கூட்டாமல் 12.5 சதவீதம், எது குறைவோ அது. பிறகு, வங்கி வட்டி பத்து வருடம் கழித்தும் அதே அளவில்தான் நிற்கும். வாடகை அப்படி நிற்காது, மனையும் நிற்காது.

என் அபிப்பிராயம், இந்த வருடம் விற்க வேண்டாம். ஒழுகுகிற மாடியையும் அடகில் இருக்கிற நகையையும் பார்த்துக்கொண்டு விலை பேச உட்கார்ந்தால், அதை எதிரில் இருப்பவரும் பார்ப்பார். ஒரு வருடம் இந்தக் கணக்கை நடத்துங்கள். அடுத்த பங்குனியில் வருடக் கணக்கை முடித்து ஐந்தொகை எடுத்துவிட்டு, அப்போதும் பாரமாகத் தெரிந்தால் போர்ஷன் வீட்டை மட்டும் விற்பதைப் பற்றிப் பேசலாம். பராமரிப்பு முழுக்க அங்கேதான். கடைகளில் செலவு மிகக் குறைவு.

அதுவரை எதைத் தள்ளிப்போட்டாலும் மொட்டைமாடியைத் தள்ளிப்போடாதீர்கள். போன வருடம் விரிசலில் மட்டும் பூசினார்கள், ஐப்பசியில் மறுபடி ஒழுகியது. தளத்துக்குள் இறங்கின தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, அடியில் இருக்கிற காரையைப் பெயர்த்துத் தள்ளும். மேல் போர்ஷன் சமையலறைக் கூரையில் காரை விழுந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். இன்றைக்கு 1,80,000ல் முடிகிற வேலை. டெபாசிட்டிலிருந்து இதற்கும் எடுங்கள். நகையை மீட்டது போக இன்னும் 8,70,000 மிச்சம் இருக்கும்.

பங்குனி, சித்திரை வெயிலில் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பழைய தட்டோட்டை முழுக்கப் பெயர்த்து, வாட்டம் சரிபார்த்து, பெயர்ந்த காரையை அடியிலிருந்தும் பூசி, பிறகுதான் புது ஓடு பதிக்க வேண்டும். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணைக்கு முன், மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, மாடி முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் காலையில் மேல் போர்ஷன் இரண்டிலும் போய்க் கூரையை நீங்களே அண்ணாந்து பாருங்கள். எங்கேயும் ஈரம் இல்லை என்றால் கொத்தனாருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.